முகம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை!

காயம் ஆறிவிட்டது. தையல் பிரித்தாகிவிட்டது. தழும்பும் மங்கிவிட்டது.

பார்க்கிறவர்கள், "பரவாயில்லை, பழைய முகம் வந்துவிட்டது" என்கிறார்கள்.

ஆனால் அந்த முகத்துக்கு உரியவருக்குத்தான் உண்மை தெரியும். கன்னம் மரத்துக் கிடக்கிறது. பனிக்காற்று பட்டால் எலும்புக்குள் குடைகிறது. கொட்டாவி விட்டால் காதோரம் "டக்" என்கிறது.

இது மனப்பிரமையா?

இல்லை. முகத்து எலும்பு முறிந்து, தகடு வைத்துச் சேர்த்த பலருக்கு இப்படி இருக்கிறது. சிலருக்கு மாதக்கணக்கில். சிலருக்கு ஆண்டுக்கணக்கில். அதற்குக் காரணம் உண்டு. பல சமயம் பரிகாரமும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம்.

தர்மபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தேசிநாதேசுவரர் கோவில் உள்ள ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர், வேலை முடிந்து இரவு நேரத்தில் மொரப்பூர் பக்கம் இருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஒரு நாய் ஓடுகிறது. பிரேக் போடுகிறார். வண்டி சரிகிறது. கை ஊன்றுவதற்குள் முகம் தரையில் மோதுகிறது.

ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறார்கள். கன்னத்து எலும்பு உடைந்திருக்கிறது. கீழ்த்தாடையிலும் ஒரு முறிவு. ஆபரேஷன் நடக்கிறது. உடைந்ததைச் சேர்த்து, சின்னத் தகடுகளை வைத்துத் திருகுகிறார்கள். வெற்றி!

ஊருக்கு வருகிறார். ஆறு மாதம் ஆகிறது. காப்பி குடித்தால் உதட்டோரம் வழிகிறது; அது அவருக்குத் தெரியவில்லை. சவரம் செய்யும்போது கன்னத்தில் கத்தி பட்டு ரத்தம் வருகிறது, அதுவும் தெரியவில்லை. குழந்தை கன்னத்தில் முத்தம் கொடுத்தால், யாருக்கோ கொடுத்தது போல் இருக்கிறது.

"இன்னும் என்னங்க வலி? டாக்டரே நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டாரே!" என்கிறார் மனைவி.

"மனசைத் தளர விடாதே சாமி. எல்லாம் நினைப்புதான்" என்கிறார் அம்மா.

இருவரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அவர் அன்று முதல் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார். டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிடுகிறார். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

14 எலும்புகள்

முகம் என்பது ஒரே எலும்பு அல்ல. 14 எலும்புகள் சேர்ந்தது. அவற்றில் தாராளமாக அசையக்கூடியது ஒன்றே ஒன்று: கீழ்த்தாடை. மற்றவை ஒன்றோடு ஒன்று கோத்து நிற்கின்றன.

கீழே விழுந்தால் எது உடையும்? பெரும்பாலும் துருத்திக்கொண்டு நிற்பவைதான். மூக்கு, கன்னத்து மேடு, தாடை இவை மூன்றும்தான் அடியை முதலில் வாங்குகின்றன.

முகம் எப்படி உடைகிறது என்பதை ஒருவர் ஆராய்ந்தார். அவர் பிரான்சு நாட்டு டாக்டர். பெயர் ரெனே லெ போர். இறந்தவர்களின் 35 தலைகளை வைத்து, பல விதமாக அடித்து, மோதிப் பார்த்தார். கேட்கவே உடம்பு கூசுகிறது அல்லவா? ஆனால் அதனால்தான் ஓர் உண்மை தெரிந்தது. நடு முகம் கண்டபடி உடைவது இல்லை. மூன்று கோடுகளில்தான் பெரும்பாலும் பிளக்கிறது. இதை அவர் 1901-ம் ஆண்டு வெளியிட்டார். இன்றைக்கும் டாக்டர்கள் "லெ போர் ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் அந்த முறிவுகளைக் குறிப்பிடுகிறார்கள்.

கம்பியும் தகடும்

முன்பெல்லாம் தாடை உடைந்தால் மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவார்கள். நான்கு வாரம், ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. கஞ்சி, மோர், பழச்சாறு எல்லாம் குழாய் வழியாகத்தான். இன்றும் சில முறிவுகளுக்கு இந்த முறை உண்டு.

பிறகு தகடு வந்தது. உடைந்த கட்டில் காலுக்குத் தச்சு ஆசாரி தகடு வைத்துத் திருகுகிறார் அல்லவா? அதே வேலைதான். ஆனால் இந்தத் தகடு மிகவும் சின்னது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம் இருந்தாலே அதிகம் என்று சொல்லும்படியான தகடுகள்கூட உண்டு. திருகுகளும் அதற்கேற்றவை. 1970-களில் பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பர்க் நகரத்து டாக்டர் சாம்பியும் அவரோடு வேலை செய்தவர்களும், தாடையில் சின்னத் தகடுகளை எந்தக் கோட்டில் வைத்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த முறை உலகம் முழுவதும் பரவியது.

தகடு எதனால் செய்யப்படுகிறது? பெரும்பாலும் டைட்டானியம் என்ற உலோகத்தால்.

அது ஏன் டைட்டானியம்? அது ஒரு முயல் சொன்ன பாடம்!

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரானேமார்க், 1952-ம் ஆண்டு முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன ஒரு சின்னக் கருவியை வைத்தார். ஆராய்ச்சி முடிந்ததும் அதைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை! எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுவிட்டது. வேண்டாத பொருள் உள்ளே வந்தால் உடம்பு வெளியே தள்ளப் பார்க்கும். டைட்டானியத்தை மட்டும் சொந்தக்காரனைப் போல ஏற்றுக்கொண்டது.

அப்படி இருக்கும்போது வலி எதற்கு? வலிக்குக் காரணம் எப்போதும் தகடு அல்ல. பெரும்பாலும் நரம்பு.

துளை வழியாக வரும் நரம்பு

உங்கள் கண்ணுக்குக் கீழே, குழி எலும்பின் விளிம்பில் இருந்து ஒரு விரல் கீழே அழுத்திப் பாருங்கள். எலும்பில் அங்கே ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியாக ஒரு நரம்பு வெளியே வருகிறது. கன்னம், மூக்கின் ஓரம், மேல் உதடு, மேல் வரிசை முன் பல், ஈறு இவற்றின் தொடு உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு போவது இந்த நரம்புதான்.

கன்னத்து எலும்பு உடையும்போது, முறிவுக் கோடு பல சமயம் இந்தத் துளை வழியாகவே ஓடுகிறது. நரம்பு நசுங்குகிறது. அல்லது இழுபடுகிறது. எலும்பைச் சேர்த்துவிட்டாலும் நசுங்கிய நரம்பு உடனே தேறுவது இல்லை.

கீழ்த்தாடையிலும் இதே கதைதான். அங்கே நரம்பு எலும்புக்கு உள்ளேயே, குழாயில் ஓடும் மின்சாரக் கம்பி போல ஓடி, முகவாய் அருகே ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. கீழ் உதடும் முகவாயும் அதன் ஆட்சியில் உள்ளவை. காப்பி வழிவது தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

நரம்பு மீண்டும் வளருமா? வளரும். மெதுவாக வளரும். ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லி மீட்டர். அதுவும் எல்லோருக்கும் ஒரே கணக்கு அல்ல. நெல் நாற்று வளர்வதைக்கூட நின்று பார்த்துவிடலாம் போலிருக்கிறது!

வளரும்போது அது சும்மா வளர்வதும் இல்லை. எறும்பு ஊர்வது போல இருக்கும். ஊசி குத்துவது போல இருக்கும். சில சமயம் "சுரீர்" என்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். நோயாளி பயந்துவிடுகிறார். மரத்துக் கிடந்த இடத்தில் இப்படிக் குறுகுறுப்பு வந்தால், பல சமயம் அது நரம்பு விழிக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் அது குறையாமல் நாளுக்கு நாள் எரிச்சலாக, தாங்க முடியாத வலியாக மாறினால், அது வேறு விஷயம். நரம்பு வலிக்கு என்றே தனி மாத்திரைகள் இருக்கின்றன. சாதாரணத் தலைவலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் போதாது.

சிலருக்கு உணர்ச்சி முழுவதும் திரும்பாமலே போவதும் உண்டு. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆன பிறகும் மரத்தே இருந்தால், மிச்சம் திரும்புவது அரிது. இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி ஏமாற மாட்டார்.

மூக்கு அறுந்த வண்டிக்காரர்

நரம்பு எத்தனை விசித்திரமானது என்பதற்கு ஒரு பழைய கதை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு அந்தக் காலத்தில் பாராமகால் என்று பெயர். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாவது மைசூர்ப் போர் 1792-ம் ஆண்டு முடிந்தபோது, பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

அந்தப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஓராண்டு மூக்கு இல்லாமல் இருந்தார்.

பிறகு பூனா அருகே, செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். எப்படி? நெற்றித் தோலை மூக்கு அளவுக்கு வெட்டி, புருவங்களுக்கு நடுவே மட்டும் விட்டுவிட்டு, கீழே திருப்பி மூக்காகத் தைத்தார்! இதை இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் நேரில் பார்த்தார்கள். 1794-ம் ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற டாக்டர் லண்டனில் 1814-ம் ஆண்டு அதே ஆபரேஷனைச் செய்தார். மேல்நாட்டில் இந்த முறை பரவியது இப்படித்தான்.

விசித்திரம் என்ன தெரியுமா? நெற்றித் தோலால் மூக்கு வைத்துக்கொண்டவரின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தால், அவர் நெற்றியைத் தட்டுவார்! தோல் இடம் மாறிவிட்டது. ஆனால் நரம்பு பழைய விலாசத்துக்கே தபால் அனுப்புகிறது. நாளாவட்டத்தில்தான் அது மாறும்.

வெளியே பார்த்தால் மூக்கு மூக்காகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

வேலூரில் வைத்த தகடு

உடம்புக்குள் வைத்த தகடு எத்தனை காலம் இருக்கும்? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. அவருக்கு உடைந்தது முகம் அல்ல; மண்டை ஓடு. ஆனாலும் தகட்டின் கதை ஒன்றுதான்.

அவர் நாரி காண்டிராக்டர். இந்தியக் கிரிக்கெட் அணியின் கேப்டன். இடது கை ஆட்டக்காரர். வலிக்கு அஞ்சாதவர். 1959-ம் ஆண்டு இங்கிலாந்தில், லார்ட்ஸ் மைதானத்தில் பந்து பட்டு விலா எலும்பு முறிந்தது. அப்படியும் நின்று ஆடி 81 ரன் எடுத்தார்.

1962-ம் ஆண்டு அவருடைய தலைமையில் இந்திய அணி மேற்கு இந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. மார்ச் மாதம் பார்படோஸ் தீவு அணியுடன் ஓர் ஆட்டம். பந்து வீசியவர் சார்லி கிரிபித். வேகப் பந்து வீச்சில் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கவசம் கிடையாது.

எகிறி வந்த பந்து காண்டிராக்டரின் தலையில், காதுக்கு மேலே தாக்கியது. மண்டை ஓடு உடைந்தது. நினைவு இழந்தார். ஆறு நாள் நினைவு திரும்பவில்லை. உயிருக்கே ஆபத்து! ஆபரேஷன் நடந்தது. ரத்தம் தேவைப்பட்டது. மேற்கு இந்தியத் தீவு அணிக் கேப்டன் பிராங்க் வோரல் முதல் ஆளாக வந்து ரத்தம் கொடுத்தார். இந்திய ஆட்டக்காரர்களும் கொடுத்தார்கள்.

காண்டிராக்டர் பிழைத்தார். அவருக்கு வயது 28. இந்திய அணியின் தலைமை 21 வயதே ஆன பட்டோடி நவாப் கைக்குப் போயிற்று.

இந்தியா திரும்பிய பிறகு, உடைந்த இடத்தை மூட வேண்டியிருந்தது. அதற்கு அவர் வந்தது தமிழ்நாட்டுக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இருந்தார். மூளை, நரம்பு ஆபரேஷனுக்கு என்று இந்தியாவில் முதன்முதலாகத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் அவர். தொடங்கிய ஆண்டு 1949. அவர் காண்டிராக்டரின் தலையில் ஓர் உலோகத் தகட்டை வைத்து மூடினார்.

அதற்குப் பிறகு காண்டிராக்டர் மீண்டும் மட்டையைப் பிடித்தார். உள்நாட்டுப் பந்தயங்களில் பல ஆண்டு ஆடினார். ஆனால் டெஸ்ட் பந்தயத்தில் ஆட மட்டும் வாய்ப்பு வரவே இல்லை.

தகடு என்ன ஆயிற்று? தலையிலேயே இருந்தது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. 60 ஆண்டு!

2022-ம் ஆண்டு. அவருக்கு வயது 88. தகட்டை மூடியிருந்த தோல் கெட்டு, மெலிந்து வந்தது. தகட்டை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஏப்ரல் மாதம் மும்பை இந்துஜா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. வேலூரில் வைத்த தகடு மும்பையில் வெளியே வந்தது.

எப்போது எடுக்க வேண்டும்?

தகடு 60 ஆண்டு தொல்லை இல்லாமலும் இருக்கலாம். 60 ஆண்டுக்குப் பிறகு தொல்லை கொடுக்கவும் செய்யலாம். ஆகவே, "எலும்பு கூடிவிட்டது, இனி தகடு எதற்கு?" என்று எல்லோரும் எடுத்துக்கொள்ளத் தேவை இல்லை. எடுப்பது என்றால் இன்னோர் ஆபரேஷன். மறுபடியும் மயக்க மருந்து. மறுபடியும் நரம்புக்குப் பக்கத்தில் கத்தி.

ஆனால் சில அடையாளங்கள் தெரிந்தால் சும்மா இருக்கக் கூடாது. வாய்க்குள் ஈறு அருகே சீழ் வடிகிறது. கெட்ட நாற்றம் வருகிறது. தகடு இருக்கும் இடம் திடீரென்று வீங்கிச் சிவக்கிறது. நாக்கால் தடவினால் உலோகம் தட்டுப்படுகிறது. திருகு தளர்ந்து தோலுக்கு அடியில் முட்டுகிறது. இப்படி இருந்தால் டாக்டர் படம் எடுத்துப் பார்ப்பார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தால், தகட்டைக் கழற்றிவிடலாம். கீழ்த்தாடைத் தகட்டில்தான் இந்தத் தொல்லை கூடுதல். வாயும் எச்சிலும் பக்கத்திலேயே இருப்பதுதான் காரணம்.

குளிர் விஷயம் தனி. மார்கழி மாதம் விடியற்காலையில் வெளியே வந்தாலும், குளிர்சாதன பஸ்ஸில் ஏறினாலும் கன்னத்து மேட்டிலும் புருவ ஓரத்திலும் வலிக்கிறது என்று தகடு வைத்த பலர் சொல்கிறார்கள். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியது இல்லை. வெண்கலச் செம்பையும் மரப் படியையும் ஒரே இரவு திண்ணையில் வைத்து, காலையில் தொட்டுப் பாருங்கள். செம்புதான் கையைச் சில்லென்று தாக்கும். உலோகம் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும். கண்ணோரத்தில் தோல் மெல்லியது. அதற்குக் கீழே உலோகம். பக்கத்திலேயே அடிபட்ட நரம்பு. வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனால் பாதி குறையும். அப்படியும் தாங்கவில்லை என்றால், தகட்டை எடுப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம்.

மூன்று விரல்

தாடைக்கு வருவோம். அனில் கும்ப்ளேயை மறக்க முடியுமா?

2002-ம் ஆண்டு மே மாதம், ஆன்டிகுவா தீவில் டெஸ்ட் பந்தயம். அதுவும் மேற்கு இந்தியத் தீவுதான்! மெர்வின் டில்லன் வீசிய பந்து கும்ப்ளேயின் தாடையை உடைத்தது. அவர் என்ன செய்தார்? தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். 14 ஓவர் வீசினார். லாராவை அவுட் ஆக்கினார்! பிறகுதான் ஆபரேஷனுக்காகப் பெங்களூருக்கு விமானம் ஏறினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் ஹெடிங்லி மைதானத்தில் 7 விக்கெட் எடுத்தார்.

தாடை உடைந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தைரியம் ஊட்டுவது உண்டு. தைரியம் நல்லதுதான். ஆனால் "கும்ப்ளேக்கு மூன்று மாதத்தில் சரியாயிற்றே, உனக்கு என்ன?" என்று கேட்பது நியாயம் அல்ல. முறிவு விழுந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு.

தாடை முறிவில் காதுக்கு முன்னால் உள்ள மூட்டும் அடிபட்டிருந்தால் தொல்லை நீடிக்கும். வாயைத் திறக்கும்போது "டக்" என்று சத்தம். தாடை ஒரு பக்கம் கோணுகிறது. மெல்லும்போது காதுக்குள் வலிப்பது போல இருக்கிறது. காது வலி என்று காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருப்பவர்களும் உண்டு! இன்னொன்று: பல வாரம் வாய் கட்டிக் கிடந்ததால் தசை சுருங்கிவிடுகிறது. வாய் முன்போல் திறப்பது இல்லை.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முன் பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழைந்தால் சரி. இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் வாய் முழுவதும் திறக்கவில்லை.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு இதற்குப் பயிற்சி செய்ய வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி வீதம் கூட்டிக்கொண்டே போகச் சொல்வார்கள். வலிக்கும். ஆனால் வலிக்கிறதே என்று விட்டுவிட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும். ஆபரேஷன் செய்தவர் கெட்டிக்காரராக இருந்தும், இந்தப் பயிற்சியைச் செய்யாமல் வாயைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். வாய் கட்டியிருக்கும்போது கேழ்வரகுக் கூழைக் கரைத்து வடிகட்டிக் குடிக்கலாம். கட்டு அவிழ்த்த பிறகு களி இருக்கிறது. களியை மெல்ல வேண்டியதே இல்லை. உருட்டி விழுங்குவதுதான் அதன் முறை! முறுக்கு, கரும்பு எல்லாம் டாக்டர் சொல்லும் வரை மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பற்கள் முன்போல் பொருந்துகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடித்தால், தாடை சரியான இடத்தில் சேரவில்லை என்று அர்த்தம். சில நாளில் சொன்னால் திருத்துவது எளிது. சில மாதம் கழித்துச் சொன்னால் எலும்பையே மறுபடி வெட்ட வேண்டி வரலாம்.

கன்னத்து எலும்போடு கண் குழியின் தளமும் உடைந்திருந்தால், பொருள்கள் இரண்டு இரண்டாகத் தெரியும். கண் உள்வாங்கியது போல இருக்கும். இதற்குக் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

திரும்பாத குரல்

எல்லாமே பழையபடி ஆகிவிடும் என்று சொல்வதும் சரி அல்ல.

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். ராமாவரம் தோட்டத்து வீட்டில் சுடப்பட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டோடு அவர் ஆஸ்பத்திரியில் இருந்த படத்தைத் தமிழ்நாடே பார்த்தது. பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையில் இருந்தபடியே வெற்றியும் பெற்றார். காயம் ஆறியது. ஆனால் பழைய குரல் திரும்பவே இல்லை. பிறகு வந்த படங்களில் அவர் மாறிய குரலிலேயே பேசினார். வேறு ஒருவரைப் பேச வைக்கவில்லை. ரசிகர்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள்.

முகத்தில் உணர்ச்சி போனவர்களில் சிலருக்கும் இப்படித்தான். ஒரு கைக்குட்டை எப்போதும் கையில் இருக்கும். சூடான பானத்தை முதலில் நல்ல பக்கத்து உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடி முன் நின்றுதான் சவரம் செய்வார்கள். ஓராண்டில் இவை எல்லாம் பழகிவிடுகின்றன. பழகாமல் இருப்பது ஒன்றுதான்: நம்பாமல் கேட்கும் கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விழுந்த இடத்தைக் கடக்கும்போது நெஞ்சு படபடப்பது, இரவில் திடுக்கிட்டு விழிப்பது, கண்ணாடியையே பார்க்காமல் இருப்பது. இவையும் அடிபட்டதன் பின்விளைவுகளே. தூக்கம் இல்லாதவருக்கு வலி இரண்டு மடங்காகத் தெரியும். இதையும் டாக்டரிடம் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எங்கே போவது?

தர்மபுரியில் 2008-ம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. விபத்து நடந்த உடனே 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தொடங்கப்பட்டது.

48 மணி நேரத்துக்குப் பிறகுதான் நாம் இதுவரை பார்த்த தொல்லைகள் எல்லாம் வருகின்றன. அதற்காகத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். "முகம், தாடை ஆபரேஷன் பிரிவு" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பல் டாக்டர்களில் இதற்கென்றே மேற்படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். டாக்டரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடம், எந்த நேரம், எரிச்சலா, குடைச்சலா, மெல்லும்போதா, குளிர் பட்டாலா, மாதத்துக்கு மாதம் கூடுகிறதா குறைகிறதா என்று சொன்னால், நரம்பா, தகடா, மூட்டா என்பது அவருக்குப் பாதி விளங்கிவிடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

தர்மபுரி மாவட்டத்தில் தொப்பூர் கணவாய்ச் சாலையில் நடக்கும் விபத்துகளைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். சின்னச் சாலைகளில் விழுகிறவர்கள் பத்திரிகையில் வருவது இல்லை. ஹெல்மெட் போடுகிறவர்களிலும் பலர் தலையை மட்டும் மூடும் அரை ஹெல்மெட்டை வாங்குகிறார்கள். அது மண்டையைக் காக்கும், தாடையைக் காக்காது. முகவாய்க்கு முன்னால் கெட்டியான வளைவு உள்ள முழு ஹெல்மெட்தான் முகத்தையும் காக்கும். அதையும் முகவாய்க்குக் கீழே வாரைப் பூட்டிப் போட வேண்டும். பூட்டாத ஹெல்மெட் ஆளுக்கு முன்னால் ரோட்டில் உருண்டு போய்விடும்!

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் தூக்கி எறியக் கூடாது. எந்த இடத்தில் எத்தனை தகடு, என்ன உலோகம் என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் பார்க்கும்போது அந்தச் சீட்டுதான் பேசும். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே, பிறகு எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தாலும் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்னால், "என் முகத்தில் தகடு இருக்கிறது" என்று அங்கே இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.